விளக்கு முன்னால் வைத்த பாஸ்வேர்ட்

1

இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுகிறவர்கள் கடல் தாண்டிப் போனவர்கள். நான் தாண்டியது ஆரல்வாய்மொழிக் கணவாயை மட்டும்தான். கோவில்பட்டியில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரம் வந்துவிடலாம். இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கேட்டேன். "ரேஷன் கார்டை அங்க மாத்த எத்தனை நாளாச்சு?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். "அப்ப எழுதுங்கம்மா" என்றார்.

எழுத உட்கார வைத்தது இன்று காலை வந்த ஒரு போன். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபின் மேனேஜர் நீலகண்டன் சார் ஒவ்வொரு நவராத்திரி அஷ்டமியன்றும் காலையில் கூப்பிடுவார். "சிவகாமி, இன்னிக்கு சாயங்காலம் பூஜை வைப்பாக்கும். கவரை மறக்காதே" என்பார், வைத்துவிடுவார். இந்த வருஷம் கூடவே ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்து நான் சுட்ட தோசை ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

என்ன வாக்கியம் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கவர் எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

2

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்துச் சாலை பஜாரில் தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தி மொத்த வியாபாரம். கோவில்பட்டிக்காரர் வேறெதை விற்பார். கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், படித்த கம்ப்யூட்டர் படிப்பை வைத்து லேபில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதைக் குணக்கேடு என்று நான் நினைத்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, நிறைந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு எங்கே பொறி கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் வந்துவிடும். ஆனால் நீலகண்டன் சாரின் சந்தேகத்துக்கு முன்னால் நானெல்லாம் கைக்குழந்தை. கோவிலில் தேங்காய் உடைத்தால் திரும்பி வந்த மூடி தன்னுடையதுதானா என்று பார்க்கிறவர்.

அவர் இந்த ஊரில் பழைய தமிழ் அக்ரஹாரம் இருக்கும் வலியசாலைக்காரர். வீட்டில் பேசுவது தமிழ். முதல் நாள் நேர்காணலில் மலையாளத்தில் "நாடு எவிடயா?" என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். உடனே தமிழுக்கு மாறி, "ஓ, பாண்டியாக்கும்" என்றார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே அதுதான் பெயர். அதுவரை என்னை யாரும் பாண்டி என்று சொன்னதில்லை. அவர் பேசுவது தமிழே இல்லை என்று நான் நினைத்தேன். நான் பேசுவதைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் மலையாளத்தில்தான் பேசிக்கொள்வோம். அதில் நான் பேசுவது அவருக்குப் பாதிதான் புரியும் என்பதால் சண்டை சீக்கிரம் முடியும்.

ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவர் 'நீ' என்றால் எல்லாம் நலம். 'நீங்கோ' என்று மரியாதை கொடுத்தால் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

3

லேபில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய புரோகிராம். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பெயர் பதிந்தால் அதற்குத் தலை சுற்றும். ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் சீட்டில் ஏறிவிடும். சர்க்கரையே இல்லாத ஒரு அம்மாள் ஓணத்துக்குப் பாயசம் தொடாமல் இருந்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் லேபில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். அன்றுதான் ஒழுங்கான டேட்டாபேஸ் சர்வர் ஒன்று வேண்டும் என்று சார் ஒத்துக்கொண்டார்.

விலைக்கு வாங்கும் சரக்கு ஒன்று இருந்தது. சாரின் மருமான், அதாவது தங்கை மகன் ராம்குமார், எர்ணாகுளத்தில் அதை விற்கும் கம்பெனியில் இருந்தான். நான் சொன்னது மைஎஸ்க்யூஎல். லினக்ஸ் மேல் ஓடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். எங்கள் உபயோகத்துக்கு விலை கிடையாது.

விலை கிடையாது என்றதும்தான் சாருக்கு மூக்கு வியர்த்தது. "வெறுதே கிடைக்கற சரக்குக்குப் பின்னாடி ஆரோ ஒத்தன் நின்னுண்டிருப்பன். இப்போ கேக்கமாட்டன். அப்பறமா கேப்பன்."

"யாரும் நிக்கல சார். உலகம் பூரா உபயோகிக்கிறாங்க."

"உலகம் எத்தனையோ உபயோகிக்கறது" என்றார். ஆனாலும் சம்மதித்தார். விஜயதசமியன்று காலையில் தொடங்க வேண்டும் என்று நாளும் குறித்தார்.

இந்தச் சமாசாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டேட்டாபேஸ் சர்வர் என்பது சாலை பஜாரில் உள்ள கிட்டங்கி போல. நாமாக உள்ளே போய் மூட்டையை எடுக்க முடியாது. வாசலில் காவல் உண்டு. பெயரும் பாஸ்வேர்டும் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல் காவலுக்கு அது மட்டும் போதாது. எந்த மெஷினிலிருந்து வருகிறாய் என்றும் பார்க்கும். ஒரே பெயர்தான் என்றாலும் வேறு மெஷினிலிருந்து வந்தால் அதற்கு வேறு ஆள். எனக்கு இது புதிதாகப் படவில்லை. இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடினபோதும், மகள் வாணியைப் பள்ளியில் சேர்த்தபோதும், பெயருக்கு அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருந்தது.

சர்வரை நிறுவினேன். அதில் எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். அதற்குப் பாஸ்வேர்ட் போட்டேன். கவுண்டர்காரர்களுக்காக 'லேப்' என்று ஒரு கணக்கு உண்டாக்கி, எந்த மெஷினிலிருந்து வந்தாலும் விடலாம் என்று எழுதினேன். அஷ்டமியன்று மத்தியானம் வாணிக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வரவே, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் நவமி, லேபுக்கு விடுமுறை. கம்ப்யூட்டர் அறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்; இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

நம் ஊரில் ஆயுத பூஜை நவமியன்று. தீப்பெட்டி ஆபீஸில் காலையில்கூட ஒரு கை வேலை நடக்கும். சாயங்காலம் மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கணக்கில்தான் நான் நவமி காலையில் லேபுக்குப் போனேன். சர்வரின் கீபோர்டைக் காணவில்லை. திருட்டு என்றே நினைத்தேன். யார் எடுத்திருப்பார்கள் என்று மனத்துக்குள் மூன்று பேரை வரிசைப்படுத்தியும் விட்டேன். பிறகு அலமாரியில் கிடந்த பழைய கீபோர்டை மாட்டி, சர்வரை எழுப்பி, மிச்ச வேலையை முடித்துவிட்டு வந்தேன்.

இங்கே வைப்பு, அதாவது விளக்கு முன்னால் ஆயுதம் வைப்பது, அஷ்டமி சாயங்காலம். அன்றைக்கு வைத்தால் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஒரு பென்சிலைக்கூடத் தொட மாட்டார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டால், வீட்டில் நம் ஊர் வழக்கம்தான் நடந்தது, லேபில் வைப்புக்கு ஒப்பந்த ஆட்களைக் கூப்பிடுவதில்லை. வாணி மட்டும் அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தைக் கட்டி வைப்பாள். படிக்காமலிருக்கத் தந்திரம் என்று நினைத்து அவளைத் திட்டியிருக்கிறேன்.

கீபோர்ட் இருந்த இடம் வரவேற்பறை மூலை. திரைக்குப் பின்னால், விளக்கு முன்னால், மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில்.

4

தசமி காலையில் சார் தீபாராதனை காட்டி, கீபோர்டைச் சந்தனத்தோடு என் கையில் கொடுத்தார். கவுண்டர் மெஷினில் புரோகிராமைத் திறந்தோம். உள்ளே விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து, சர்வர் இருக்கும் மெஷினிலேயே உட்கார்ந்து அதே பெயர், அதே பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அனுமதி இல்லை என்றது.

எழுத்துப் பெரிசாக விழுகிறதோ என்று பார்த்தேன். இல்லை. மறுபடி அடித்தேன். அனுமதி இல்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். சர்வரை நிறுத்தி எழுப்பினேன். அப்புறமும் அதே பதில். பக்கத்து அறையிலிருந்து வந்தால் விடுகிறது, அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்டால் மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு பழுதை நான் அதுவரை பார்த்ததில்லை.

சார் பின்னால் வந்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பூஜைல வெச்ச ஆயுதத்தை ஆரானும் தொட்டாளா?"

"கீபோர்ட தொடல சார். வேற மாட்டி நேத்து வேலை பார்த்தேன்."

"நேத்தா? நவமிலயா?" அவர் முகம் மாறியது. "நீங்கோ நேத்து வந்தேளா?"

'நீங்கோ' வந்துவிட்டது.

5

மத்தியானம் ராம்குமார் வந்தான். பூஜை விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தானாம். தற்செயல்தான் என்றார்கள். நான் நம்பவில்லை. என்னை ரூட் பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லிவிட்டு, அவன் உட்கார்ந்து, யார் யாருக்கு உள்ளே வர உரிமை உண்டு என்று சர்வர் வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தான். ரூட் இருந்தது, லேப் இருந்தது. நடுவில் பெயரே இல்லாமல் ஒரு வரி. பாஸ்வேர்டும் இல்லை. இடம் மட்டும் இருந்தது: இதே மெஷின்.

"மாமா, இதைப் பாருங்கோ. பேரும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. இப்படி ஒத்தன் உள்ளே நுழைஞ்சா ஆருன்னு சொல்லவே முடியாது" என்றான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். சர்வர் எப்போது எழுந்தது, எப்போது படுத்தது என்று அதுவே எழுதிவைக்கும் குறிப்பையும் ராம்குமார் காட்டினான். நவமி காலை. யாரும் இல்லாத நாள். சாவி ஒருத்தியிடம்.

"நான் வைக்கல சார்" என்றேன்.

"பின்னே ஆர் வெச்சா?"

எனக்கு அப்போது இவன்மேல்தான் சந்தேகம். இப்போது உட்கார்ந்த இரண்டு நிமிஷத்தில் இவனே எழுதியிருக்கலாம். விலைக்கு விற்கும் சரக்கு வைத்திருக்கிறவனுக்கு, ஓசிச் சரக்கில் ஓட்டை இருப்பது லாபம்தானே. வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். "ஒரு வேளை இப்ப வந்த வரியோ சார்."

ராம்குமார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அக்கா, நான் விக்கறவன்தான். கள்ளன் இல்லை."

சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமானையும் அவர் முழுசாக நம்பவில்லை என்பது அதில் தெரிந்தது. ஆனால் சாவியைக் கேட்டது என்னிடம். "சம்சயம் தீரற வரைக்கும் நீங்கோ ஆத்துல இருங்கோ. நாளன்னிக்கு முதலாளி வரார். நான் என்னமானும் பறயணுமே." ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

6

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏளா, வேலைய விட்டுரு. கடையில கணக்குப் பாரு. நம்மள திருட்டுப்பட்டம் கட்டுதவன்கிட்ட என்ன சோலி" என்றார்.

விட்டிருக்கலாம். ஆனால் இப்போது விட்டால் அந்தப் பெயரில்லாத ஆள் நான்தான் என்று ஆகிவிடும். ஊருக்கே திரும்பினாலும் லேபில் அதுதான் நிற்கும். அழுகை வந்தது, அழுதேன்.

வாணி காய்ச்சலோடு கட்டிலில் படுத்திருந்தவள், "அம்மா, நவமிக்கு ஆரும் ஒண்ணும் தொடில்லா. எந்தினா போயது?" என்று, ஏன் போனாய் என்பதை மலையாளத்திலேயே கேட்டாள். அம்மாவோடு தமிழில் பேசு என்று அன்று நான் சொல்லவில்லை.

"எனக்கு யாருட்டி சொன்னா?"

"நான் எல்லாக் கொல்லமும் பறஞ்சல்லோ. நீ விஸ்வசிச்சில்லா." கொல்லம் என்றால் வருஷம்; வருஷா வருஷம் சொல்லியிருக்கிறாள், நான்தான் நம்பவில்லை.

மறுநாள் பஜார் முனையில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து மைஎஸ்க்யூஎல் கையேட்டைப் படித்தேன். பெயரில்லாத கணக்கு என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி இருந்தது. சும்மா பரீட்சை செய்து பார்க்க வருகிறவர்களுக்காக, சர்வரை நிறுவும்போதே தானாக உட்காரும் கணக்கு அது. உள்ளே வந்தாலும் பரீட்சைக்கென்று இருக்கும் காலி இடத்தைத் தவிர வேறெதையும் தொட முடியாது. வேண்டாம் என்றால் நாம்தான் எடுத்துவிட வேண்டும். ராம்குமார் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

படித்தது போதுமா? நான் அச்செடுத்துக் கொண்டுபோகும் தாளை நீலகண்டன் சார் நம்புவாரா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

7

எனவே, முதலாளி மறுநாள் வர இருக்க, அன்று மத்தியானமே லேபுக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். மூலையில் கிடக்கும் பழைய மெஷினைத் துடைத்து, எல்லோர் கண் முன்னாலும் முதலிலிருந்து நிறுவுவோம். என் சிடி வேண்டாம். ராம்குமார் தெரிந்தவரிடமிருந்து ஒரு சிடி கொண்டுவரட்டும்.

ராம்குமார் உடனே, "என் சிடில நான் என்னமோ செஞ்சேன்னு அக்கா பறயுவா. அக்கா சிடிலயும் போடணும்" என்றான். நியாயம்தான். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் அவன் கொண்டுவந்த சிடி. கீபோர்டில் அவன் கை. நான் இரண்டடி தள்ளி நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கவுண்டர்ப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சர்வர் எழுந்ததும் பட்டியலைத் திறந்தான். ரூட்டுக்குக் கீழே, பெயரில்லாத ஆள் சமத்தாக உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு என் சிடியைப் போட்டோம். அங்கேயும் அவனே.

ராம்குமார் சிரித்துவிட்டான். "மாமா, இவன் பொட்டியோட வரவன். அக்கா பேர்ல தப்பில்லை." அவன் அன்று அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். விற்கிறவன். சொன்னான். அவனைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அந்த நிமிஷத்தில் விட்டுவிட்டேன்.

லேப் கணக்கை உள்ளே விடாததற்கும் இவனே காரணம். காவல், பட்டியலில் இடத்தைக் குறிப்பாகச் சொல்லும் வரியை முதலில் பார்க்கும். 'லேப், எங்கிருந்தும்' என்று நான் எழுதியது பின்னால் போய்விட்டது. 'பெயரில்லை, இதே மெஷின்' என்பது முன்னால் வந்துவிட்டது. நாம் பெயரைச் சொன்னாலும் அது காதில் வாங்காமல் நம்மைப் பெயரில்லாதவன் என்று முடிவு கட்டிவிடும். பெயரில்லாதவனுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. நாம் பாஸ்வேர்ட் சொல்கிறோம். அப்படியானால் பொய்யன், வெளியே போ.

லேபின் அசல் சர்வருக்குப் போய் அந்த வரியை அழித்தேன். மறுபடி நுழைந்து பார்த்தேன். அனுமதி இல்லை. சாரின் புருவம் ஏறியது. அழித்தால் போதாது, அழித்துவிட்டேன் என்று காவலுக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுக்கும்வரை பழைய பட்டியலையே மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும். கொடுத்தேன். விட்டது.

"செரி" என்றார் சார். "சம்சயம் தீந்தது." சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. முதலாளியிடம் என்ன சொன்னார் என்றும் தெரியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

8

அடுத்த வருஷம் அஷ்டமி காலையில் முதல் போன் வந்தது. வைப்புக்கு வரச் சொன்னார். சாயங்காலம் போனேன். சிரிஞ்சு வைக்கிறவர் சிரிஞ்சு, கணக்கு எழுதுகிறவர் பேனா என்று அவரவர் வைத்தார்கள். நான் கீபோர்டை எடுத்துக்கொண்டு போனால், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"உன்னோட ஆயுதம் அதில்லை. ரூட் பாஸ்வேர்டாக்கும். அதைத் தாள்ல எழுதி, கவர்ல ஒட்டி வை. தசமிக்குத் தருவேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். பக்தியா, பாதுகாப்பா? எனக்கு ஏதாவது ஆனால் பாஸ்வேர்ட் அவர் கையில் இருக்க வேண்டும், ஆனால் கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது. அப்படித்தான் எனக்குப் பட்டது. போன வருஷத்துக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. என் மேஜைக்குப் போனேன். வெறும் தாளை மடித்துக் கவரில் போட்டு, நன்றாக ஒட்டி, விளக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டேன்.

தசமியன்று சந்தனமும் தெச்சிப் பூவுமாகக் கவரைத் திருப்பிக் கொடுத்தார். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒட்டின வாயைப் பார்த்தேன். பிரித்த அடையாளம் இல்லை. பரவாயில்லை, மனுஷன் கை வைக்கவில்லை என்று நினைத்தேன். அந்தத் தீபாவளிக்கு முன்னால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி முதலாளிக்கு அவரே சிபாரிசு செய்தார். அதில் என்ன உள்நோக்கமோ என்று சில நாள் குழம்பினேன். எதுவும் பிடிபடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே விளக்கு, அதே கவர், அதே வெறும் தாள்.

இன்று காலை போனில் அவர் கூடுதலாகச் சொன்னது இதுதான்.

"இந்தத் தடவையானும் உள்ளே என்னமானும் எழுதி வை, கேட்டியா. முதல் கொல்லம் தொட்டு வெள்ளைத் தாளை வெச்சுண்டிருக்கோம். தேவி என்ன நினைப்பள்."

போனை வைத்த பிறகு உறைத்தது. லேபில் ஆவிக்கா பஞ்சம்? சோதனைக் குழாய்களைச் சூடாக்கும் வாட்டர் பாத் மேல் கொஞ்சம் காட்டினால் எந்தக் கவரும் வாயைத் திறக்கும். முதல் வருஷமே திறந்து பார்த்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. பார்த்தீர்களா, நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று அடுப்படியில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த தோசை ஊற்றும்போது மீதியும் உறைத்தது. முதல் வருஷமே பார்த்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் தீபாவளிக்கு முன்னால் சிபாரிசு எழுதியிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் வருஷா வருஷம் அந்த வெறும் தாளுக்குச் சந்தனம் வைத்து, பூப்போட்டு, என் கையில் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பணி ஓய்வு வருகிற பங்குனியில். இது அவர் வைக்கும் கடைசி வைப்பு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ரூட் பாஸ்வேர்டை எழுதினேன். உண்மையானதை. இப்போது காலேஜுக்குப் போகும் வாணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் எழுதிக் கொடுக்கப் பாடில்லான்னு நீதானேம்மா பறஞ்சது?"

"ஆமா, கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

கவரை ஒட்டி, வாய்மேல் செலோடேப் போட்டு, அதன்மேல் தமிழில் கையெழுத்துப் போட்டேன். தசமி காலையில் பாஸ்வேர்டை மாற்றிவிடுவேன். அது அவருக்கும் தெரியும்.